பூத்தலும் தழைத்தலும்

விழாக் காணும் கல்லூரியொன்றின் மலரைத் திறப்போர் முதற்கண் காண்பன வாழ்த்துரைகள். ஆங்கிலத்தில் வாழ்த்துவோர் அவ்வுரைகளில் விரும்பி ஆளும் வினைச்சொல் ஒன்று உண்டு. 'புளரிஷ்' என்பது அது. தமிழில் வாழ்த்துவோர் கல்லூரி தழைத்தோங்குக என்பர். இரண்டும் ஒரு பொருளனவே என்றும், ஒன்றற்கு மற்றொன்றை இட்டு எழுதுதலில் இழுக்கு ஏதும் இல்லை என்றும் யாமும் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். பதுளையில் யாம் கற்பித்த வகுப்பிலே மாணவியொருத்தி எழுப்பிய ஐயம் அவ்வெண்ணத்தை மாற்றிற்று. அதன்பின் அச்சொல்லின் பிறப்பையும் பொருளையும் தேடிக் கண்டவற்றை, எம்மை ஆளாக்கிய கல்லூரியின் பழைய மாணவர் முன் வைக்கின்றோம்.

தோட்டப்புறப் பாடசாலைகளில் ஓர் ஆசிரியர் தமக்குரிய பாடத்தை மட்டும் கற்பித்து அமைதல் அரிது. தமிழாசிரியராகிய யாம் மொழிபெயர்ப்புப் பாடத்தையும் அவ்வாண்டு ஏற்க நேர்ந்தது. ஊவாவிலே தேயிலை நன்கு வளர்கின்றது என்னும் கருத்துடைய ஆங்கில வாக்கியமொன்றைக் கரும்பலகையில் எழுதினோம். அதில் 'புளரிஷ்' என்னும் வினை நின்றது. அகராதியைப் பார்த்து, இச்சொல் பூ என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்றும் பிறந்தது என விளக்கி, வேர்ப்பொருளும் விளங்க, நடையும் அழகுபெற, 'ஊவாவிலே தேயிலை பூத்துப் பொலிகின்றது' என மொழிபெயர்த்தும் காட்டினோம். மாணவர் அனைவரும் குறித்துக்கொண்டனர். தோட்டமொன்றிலிருந்து நாள்தோறும் நடந்து வரும் மாணவி ஒருத்தி மட்டும் எழுதுகோலை வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

“சேர், தேயில பூத்தா நல்லதில்ல. எங்க மலயில பூ வந்தா கங்காணி ஏசுவாரு.”

வகுப்பு சிரித்தது. யாமும் முறுவலித்து, இது கவிநயம் பற்றிய கூற்று எனக் கூறி அவளை இருத்தினோம். மறுநாட் காலை அவள் தேயிலைக் கிளையொன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். வெண்ணிற இதழும் நடுவே பொன்னிறத் தாதுமாக மூன்று பூக்கள் அதில் இருந்தன. கண்ணுக்கினிய பூவே. ஆயின் இலைகள் தடித்து முற்றியிருந்தன. கிள்ளுதற்குரிய கொழுந்து ஒன்றேனும் அக்கிளையில் இல்லை.

“இது எங்க அம்மா கொழுந்தெடுத்த மல, சேர். இப்ப காடா விட்டுட்டாங்க. அதான் பூத்திருக்கு. அம்மாவுக்கு வேல நாளும் கொறஞ்சிருச்சு.”

மறுமொழி கூற எமக்கு வாய் எழவில்லை. கையிலே அகராதி இருந்தது. யன்னலுக்கு வெளியே மலை இருந்தது. யாம் முன்னதைப் பார்த்தோமேயன்றிப் பின்னதைப் பார்த்திலோம்.

இனிச் சொல்லை நோக்குவோம். இலத்தீனிலே பூவைக் குறிக்கும் பெயர் 'பிளோஸ்' என்பது. அதினின்றும் பூத்தலைக் குறிக்கும் 'புளோரேரே' என்னும் வினை பிறந்தது. அது பிரெஞ்சு மொழியிற் புகுந்து உருத்திரிந்தது. 1066 ஆம் ஆண்டிலே நோர்மானியர் இங்கிலாந்தை வென்றபின் ஆங்கிலத்துட் கலந்த பல்லாயிரம் பிரெஞ்சுச் சொற்களுள் இதுவும் ஒன்று. ஏறத்தாழ 1300 ஆம் ஆண்டளவில் ஆங்கில நூல்களில் வழங்கத் தொடங்கிய இச்சொல், முதலிற் செடிகொடி பூத்தலையே குறித்தது. பதினான்காம் நூற்றாண்டு கழியுமுன் மாந்தரும் நாடும் கலையும் சிறத்தலைக் குறிக்கலாயிற்று. இங்கிலாந்தின் பழம்பெரும் பாடசாலையாகிய ஈற்றனின் வாழ்த்து மொழியில் வரும் 'புளோரியாற்' என்பது இவ்வினையின் இலத்தீன் வியங்கோள் வடிவமே. 'பூப்பதாக' என்பது அதன் நேர்ப்பொருள்.

பூவென்பது கண்ணைக் கவர்வது. தன்னைக் காட்டி நிற்பது. ஆதலின் இவ்வினைக்குக் காட்டுதல் என்னும் பொருளும் கிளைத்தது. வீரன் வாளைச் சுழற்றிக் காட்டுதலும் 'புளரிஷ்' எனப்பட்டது. சேக்ஸ்பியரின் நாடகங்களில் அரசர் அரங்கிற் புகுமிடத்து இச்சொல் தனித்து நிற்கும். ஆண்டு எக்காளம் முழங்குக என்பது பொருள். எழுத்துக்களுக்கு அழகு செய்யும் வளைவும், கையொப்பத்தின் கீழே சிலர் பெருமிதத்துடன் இழுக்கும் சுழியும் இப்பெயரே பெற்றன. மலரின் பெயரால் அமைந்த இத்தாலிய நகரம் பிளோரன்சு. அந்நகரத்தார் அல்லிமலர் பொறித்து வெளியிட்ட பொற்காசு 'புளோரின்' எனப்பட்டது. இவை யாவும் ஒரு பூவின் இதழ்கள்.

இக்குடும்பத்துட் சேர்ந்த மற்றொரு சொல்லைத் தோட்டத்து மக்கள் நன்கறிவர். அது பூவென்பதை மட்டும் அறியார். ஆங்கிலத்தில் மாவைக் குறிக்கும் 'பிளவர்' என்பதும் பூவைக் குறிக்கும் 'பிளவர்' என்பதும் தொடக்கத்தில் ஒரே சொல். தானியத்தை அரைத்துச் சலித்தபின் எஞ்சும் மென்மையான சிறந்த பகுதியை மாவின் பூ என அந்நாட்டார் வழங்கினர். நெடுங்காலம் இரண்டனையும் ஒரே எழுத்துக்கூட்டிலே எழுதியும் வந்தனர். பிற்காலத்திலேயே எழுத்து வேறாயிற்று. லயத்து அடுப்பிலே விடியுமுன் சுடப்படும் கோதுமை மா ரொட்டியும், வாழ்த்துரையில் வரும் செழிப்பும் இவ்வாறு ஒரு கொடியிற் பிறந்தவை. 1973, 1974 ஆம் ஆண்டுகளிலே நாட்டில் உணவுத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது பங்கீட்டு அரிசியும் மாவும் குறைந்து, தோட்டங்களிலே பட்டினியால் மாண்டோரும் உளர். மாவற்ற வீட்டிலே செழிப்பைப் பற்றிப் பேசுதல் சொற்பிறப்பு முறையாலும் பொருந்தாது.

தேயிலைச் செடியைத் தன் போக்கில் வளரவிடின் இருபதடிக்கும் மேற்பட்ட மரமாகும், பூக்கும், காய்த்து விதை தரும். அதனைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி, இடுப்பளவிலே மட்டமாக நிறுத்தி, ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை கொழுந்து கிள்ளுவர். நுனி கிள்ளப்படுந்தோறும் செடி கீழ்க்கணுக்களினின்றும் புதுத் தளிரை விடும். அத்தளிரே பயன். இரண்டிலையும் ஒரு மொட்டும் என்பது நற்கொழுந்தின் இலக்கணம். அம்மொட்டும் பூமொட்டன்று; விரியாத இலையின் குருத்து. செடி பூவும் காயும் ஈனத் தொடங்கின், தளிருக்குச் செல்லவேண்டிய உணவு அவற்றிற்குச் செல்லும். கவ்வாத்துத் தவறிய மலையிலும், கொழுந்தெடுப்பு நின்ற மலையிலும் பூ மிகுவது இதனாலேயே. இன்று புதுச்செடி உண்டாக்குதற்கும் பூ வேண்டுவதில்லை. ஓர் இலையும் அதன் கணுவோடு கூடிய சிறு தண்டும் நட்டால் போதும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் பரவிய வீ.பி. தேயிலை இம்முறையால் வளர்வதே.

ஆயின், ஊவாவின் மலைகளில் ஒரு காலத்தே பூவுக்கும் மதிப்பிருந்தது. அது கோப்பிக் காலம். கோப்பி பழத்துக்காக வளர்க்கப்படுவது. மழை பெய்த சின்னாளில் மலைமுழுதும் வெண்பூப் பூத்தாலன்றிப் பழம் இல்லை. ஆண்டுப் பயனைப் பூவைக்கொண்டு மதித்தனர். அக்காலத்து வெள்ளைத் துரைமார் கோப்பி 'புளரிஷ்' செய்கின்றது என எழுதியிருப்பின் அது சொல்லாலும் பொருளாலும் மெய்யாகும். அவ்வளத்தை அழித்தது ஓர் இலைநோய். கோப்பியிலையின் அடியிற் செம்மஞ்சட் பொடியாகத் தோன்றும் அந்நோய் இலங்கையில் முதன்முதலாகக் காணப்பட்டது 1869 ஆம் ஆண்டிலே. இடம் எமது ஊவாவின் மடுல்சீமை. இலை உதிர்ந்தது, உணவு ஆக்கும் உறுப்பு அற்றமையாற் பூவும் பழமும் ஒழிந்தன. இருபது ஆண்டுகளுள் இலங்கையின் கோப்பிச் செல்வம் பெரும்பாலும் மறைந்தது. 1867 இலே ஜேம்ஸ் ரெயிலர் என்பார் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. இவ்வாறு மலைநாடு பூவை விட்டு இலைக்கு மாறியது.

இம்மாற்றம் மக்களின் வாழ்வையும் மாற்றிற்று. கோப்பிப் பழம் பறிப்பது ஆண்டிற் சில மாதத் தொழில். தமிழ்நாட்டினின்றும் மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து வந்தோர், அறுவடை முடிந்தபின் மீண்டு செல்வர். வழியில் மாண்டோர் பலர். தேயிலையோ ஆண்டுமுழுதும் தளிர்விடுவது. ஆண்டுமுழுதும் கிள்ளப்பட வேண்டுவது. ஆகவே குடும்பங்கள் நிலையாகத் தங்கின. லயங்கள் எழுந்தன, கோயில்கள் எழுந்தன, பிள்ளை மடுவங்களும் பள்ளிகளும் எழுந்தன. பூவின் காலத்தில் வந்துபோனவர் இலையின் காலத்தில் வேரூன்றினர்.

தமிழர் இதற்கேற்ற சொல்லை முன்னரே உடையர். தழை என்பது பெயராங்கால் பசிய இலைத்தொகுதியைக் குறிக்கும். வினையாங்கால் செழித்தலைக் குறிக்கும். சங்ககால மகளிர் உடுத்த தழையுடையை மாணவர் அறிவர். இலை, தளிர், முறி, குழை என்பவற்றையெல்லாம் தொல்காப்பிய மரபியல் வேறு வேறாகப் பெயரிட்டுக் கூறும். மணமக்களை வாழ்த்தும் முதியோர் ஆலமரத்தையும் அறுகம்புல்லையும் உவமை கூறுவர். தழைத்தல் ஆலுக்கு, வேரூன்றுதல் அறுகுக்கு. இவ்விரண்டும் பூவாற் பெயர்பெற்றன அல்ல. ஆலின் பூ காய்போன்ற உறையினுள் மறைந்திருப்பது; கண்ணிற் படாதது. அறுகின் பூவை யாரும் பொருட்படுத்தார். ஆயினும் நிழலைத் தருவது ஆல்; எத்துணை மிதிபடினும் மீள்வது அறுகு. பூத்தல் தமிழில் இழிந்த சொல் என்பது எம் கருத்தன்று. முகம் பூத்தது, மகிழ்ச்சி பூத்தது என்கின்றோம். ஆயின் பூ ஒரு பொழுதின் தோற்றம், தழை நாட்டொழில். வெயிலை உணவாக்கிச் செடியைக் காப்பது இலையே. ஆகவே ஊவாத் தேயிலைக்குரிய தமிழ்வினை தழைத்தலேயன்றிப் பூத்தலன்று. மாணவி திருத்தியது சரியே.

ஆங்கிலத்திலே செழித்தலைக் குறிக்கும் மற்றொரு வினையும் நோக்கத்தக்கது. 'திரைவ்' என்பது அது. இது பிரெஞ்சு வழியாக வந்ததன்று. இங்கிலாந்திற் குடியேறிய வடபுல வைக்கிங் மக்களின் பழைய நோர்சு மொழியினின்றும் வந்தது. அம்மொழியில் இதன் மூலவினை கையாற் பற்றுதலைக் குறித்தது. தனக்கெனப் பற்றிக்கொள்ளுதல் என்னும் தற்சுட்டு வடிவமே செழித்தல் எனப் பொருள் விரிந்தது. முன்னையது பூவிற் பிறந்தது. இது கையிற் பிறந்தது. சிக்கனத்தைக் குறிக்கும் 'திரிப்ட்' என்பது இவ்வினையின் மகவு. அதன் பழம்பொருளும் செழிப்பே. உழைத்துப் பெற்றதைத் தன் கைக்குள் வைத்தல் செழிப்பு எனவும், பின் அவ்வாறு வைக்கும் ஒழுக்கம் சிக்கனம் எனவும் பொருள் நடந்தது. ஊர்தோறும் உள்ள சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களின் ஆங்கிலப் பெயரில் இச்சொல் இன்றும் உண்டு.

இச்சொல்லின் வரலாற்றைத் தோட்டத்து மக்களின் வரலாற்றோடு வைத்துப் பார்த்தல் வேண்டும். நாள்முழுதும் பற்றுதலே தொழிலாகிய கை கொழுந்தெடுக்கும் பெண்ணின் கை. பற்றியது கூடைக்குச் செல்லும். கூடை நிறுவைக்குச் செல்லும். தனக்கெனப் பற்றிக்கொண்டது யாது? 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே இலங்கை இந்தியக் காங்கிரசார் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். மறுவருடம், 1948 இலே, நிறைவேறிய பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அடுத்து வாக்குரிமையும் போயிற்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 மக்களை எண்ணிப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர்த் தீர்க்கப்படுவர் என. அவ்வெச்சத்தை 1974 இலே இரு நாடுகளும் சரிபாதியாக்கின. தெமோதரைப் பாலத்தின்மேற் செல்லும் புகையிரதத்தில் ஏறித் தலைமன்னார் சென்று கப்பலேறியோர், தாம் பிறந்த மண்ணினின்றும் தம் பாட்டன் பிறந்த மண்ணுக்கு மீண்டனர். எஞ்சியோர்க்கு நாடற்ற நிலை சட்டத்தால் நீக்கப்பட்டது 2003 ஆம் ஆண்டின் சட்டத்தோடேயாம். வேரூன்றியும் ஐம்பத்தைந்து ஆண்டு வேரில்லாதோர் எனப்பட்டனர்.

பற்றுதற்குத் தமக்கென நிலமின்மையின் தீங்கை ஊவா கண்ணாரக் கண்டது. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலை கொஸ்லாந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. பள்ளிக்கு முன்னரே புறப்பட்ட பிள்ளைகள் சிலர் மீண்டு வந்து வீடிருந்த இடத்தைத் தேடினர். இச்செய்தியைக் கூறுவது எவரையும் பழித்தற்கன்று. மலையைத் தழைக்கச் செய்தோர்க்கு அம்மலையிலே உறுதியான ஓரடி நிலம் இல்லாதிருந்தது என்னும் உண்மையைச் சொல்லின் பொருளோடு இணைத்து எண்ணுதற்கேயாம்.

இத்தேயிலையின் இயல்பிலே ஆறுதலான செய்தியொன்றும் உண்டு. ஆண்டுதோறும் ஆடி, ஆவணி மாதங்களையொட்டித் தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைகளில் மழையை உதிர்த்துவிட்டு, வறண்ட காற்றாக ஊவாச் சரிவுகளில் இறங்கும். பகலிலே வறட்சி, இரவிலே குளிர். அப்பொழுது தளிர் சிறுக்கும், நிறுவை குறையும். ஆயின் உலகச் சந்தை ஊவாத் தேயிலையைத் தேடுவது அக்காலத்துக் கொழுந்துக்காகவே. வளர்ச்சி ஒடுங்கிய காலத்திலே மணம் மிகுகின்றது. தோட்டப் பிள்ளைகளுட் பலர் இத்தகையோர். விளக்கு மங்கிய அறையில் படித்து, மழையில் நடந்து வந்து, வகுப்பில் எழுந்து ஆசிரியரைத் திருத்தும் அறிவு வறட்சியைத் தாங்கிய அறிவு. ஆயினும், வறட்சியே மணந்தருமென்று கருதி மழையை வேண்டாதிருத்தல் அறிவுடைமையன்று. காற்று ஓய்ந்தபின் மழை பெய்யாவிடிற் செடி பட்டுப்போகும்.

மறுநாள் யாம் கரும்பலகையிலே முன்னை மொழிபெயர்ப்பை அழித்து, 'ஊவாவிலே தேயிலை தழைக்கின்றது' என எழுதினோம். திருத்தியவர் யார் என்பதையும் வகுப்புக்குக் கூறினோம். அவள் தலைகுனிந்து எழுதினாள். அவ்வாண்டின் இறுதியில் அக்குடும்பம் வேலை நாள் போதாமையால் தோட்டத்தை விட்டுக் கொழும்புப் பக்கம் செல்வதாயிற்று. தாயார் வந்து விடுகைப் பத்திரம் கேட்டார். கொழுந்துக் கறை ஏறி விரல்நுனி வெடித்த கை அதனைப் பெற்றுக்கொண்டது. வகுப்பாசிரியர் என்னும் முறையில் அதிற் கையொப்பமிட்டவர் யாமே. கையொப்பத்தின் கீழே வழக்கமாக இழுக்கும் சுழியை அன்று இழுத்திலோம்.

இக்கட்டுரையின் தொடக்கத்துக்கு மீளுவோம். நம் கல்லூரியை எவ்வினையால் வாழ்த்துவது? பரிசளிப்பு விழாவும், விளையாட்டு வெற்றியும், அலங்கரித்த மண்டபமும் கல்லூரியின் பூக்கள். அவை வேண்டுவனவே, இம்மலரும் அவற்றுள் ஒன்று. ஆயின் நாள்தோறும் வகுப்பறையில் நிகழும் கற்றலும் கற்பித்தலும் அதன் தழை. பழைய மாணவர் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ கடல்கடந்த நாடுகளிலோ உள்ளனர். அவருட் பலர் தம் முதலெழுத்தைக் கற்றது இத்தகைய சிறு வகுப்பறைகளில். விழாவுக்கு ஒரு பங்கு ஈவோர், தோட்டத்துப் பிள்ளையொன்று பாடசாலையை விட்டு விலகாதிருத்தற்கு மற்றொரு பங்கு ஈவராயின், ஆங்கிலத்தின் கைச்சொல்லும் நிறைவேறும். தமிழின் இலைச்சொல்லும் நிறைவேறும்.

கல்லூரி பூக்க எனச் சிலர் வாழ்த்துவர். யாம் அம்மாணவியிடம் கற்றவாறு வாழ்த்துகின்றோம்: கல்லூரி தழைக்க, அதனைத் தழைக்கச் செய்யும் கைகளும் தமக்கென ஒன்றைப் பற்றி வாழ்க.